முகத்துக்கு ஒரு கேமரா

செல்வமேரி ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் உட்காரத் தொடங்கி இருபத்தொரு வருடம் ஆகிறது. புனேயின் கட்கிப் பகுதியில் தமிழர்கள் கூடும் அந்த மாதா கோவிலில் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் யாரும் மாறி உட்கார்ந்ததில்லை. சாமியார் நின்று பிரசங்கம் வைக்கிற இடம் வலப்பக்கம். பெண்கள் பக்கமிருந்து பார்த்தால் அவருடைய ஒரு காதும் அரைக் கன்னமும்தான் தெரியும். செல்வமேரிக்கு அது போதாது. எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போன பிறகு, மனிதர் பேச்சை அவள் உதட்டில்தான் வாசித்து வந்தாள்.

முதல் நாள் உபதேசியார் அவசரமாக வந்து, "பொம்பளைங்க பக்கம் போய் உக்காருங்கம்மா" என்றார்.

தன் குரல் எவ்வளவு ஓங்குகிறது என்பது அவளுக்குத் தெரியாது. "நான் காதால கேக்க வரல, கண்ணால கேக்க வாரேன். சாமி வாய் இந்தப் பக்கம்லா இருக்கு!" என்றாள். கோவில் முழுக்கக் கேட்டது. பீடத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அதன்பின் யாரும் அவளை எழுப்ப வரவுமில்லை.

அவளுடைய அப்பா வடக்கன்குளத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காகப் புனே வந்தவர். வீட்டில் தமிழ் மட்டும்தான். ஆகவே அவளுக்கு உதட்டில் படிக்கத் தெரிந்ததும் தமிழ் மட்டும்தான். வீட்டு வாசலைத் தாண்டினால் மராத்தியும் இந்தியும். அந்த உதடுகள் அசையும், அவ்வளவுதான். காய்கறிக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் போனில் எழுதிக் காட்டிச் சமாளிப்பாள். லோஹேகாவில் விமானப்படைக்காரர்களுக்குச் சீருடை தைக்கிற கடையில் பெயர்ப்பட்டையும் தோள்பட்டைச் சின்னமும் தைப்பது அவள் வேலை. ஒரு நூல் அகலம் கோணினாலும் கண்டுபிடித்துவிடுவாள். கடையில் அவளோடு பேசுகிற ஆள் கிடையாது. நாற்பத்துநான்கு வயது. கல்யாணம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். தம்பி ஆண்டனியின் குடும்பத்தோடு இருக்கிறாள். வீட்டார் அல்லாத ஒருவர் வாரத்தில் ஒருதரம் அவளிடம் தமிழில் பேசுகிறார் என்றால், அது ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார்தான்.

அந்தப் பேச்சிலும் பாதிதான் அவளுக்குக் கிடைக்கும். சாமியார் திரும்பினால் போயிற்று. குனிந்தால் போயிற்று. மனம் என்றாலும் பணம் என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். முன்பின் வார்த்தையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆண்டவர் நம் பணத்தைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு தவக்காலம் முழுக்கக் கோபமாக இருந்திருக்கிறாள்.

கொரோனா ஊரடங்கு வந்து கோவிலைப் பூட்டியபோது, பங்குச்சாமி சவரிமுத்து தன் அறையில் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி அதன் முன்னால் பூசை வைத்தார். எல்லோரும் அந்த நாட்களைச் சபித்துக்கொண்டிருந்தபோது செல்வமேரி சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, காது போனபின் முதன்முறையாக ஒரு பிரசங்கத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை முழுதாக உள்வாங்கினாள். முகம் கைக்கெட்டும் தூரத்தில், நேர் எதிரே. அன்றைக்கு அடுப்பில் வைத்த சோறு குழைந்துபோயிற்று. அவள் கவனிக்கவே இல்லை. கேமரா என்றால் என்ன என்பது அன்று அவளுக்குப் புரிந்தது.

ஊரடங்கு முடிந்தது. கோவிலைப் புதுப்பித்தார்கள். பீடத்தை உயர்த்தினார்கள், பிரசங்க இடத்தைப் பின்னால் தள்ளி ஒரு தூணோரம் வைத்தார்கள். இப்போது ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சிலிருந்தும் சாமியாரின் தாடைதான் தெரிந்தது. அதற்கு ஈடாக இரண்டு பக்கமும் இரண்டு பெரிய திரைகள் வரப்போவதாகவும், கேமராக்கள் வாங்கி, படுத்த படுக்கையாய் இருக்கிற முதியவர்களும் வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளும் பார்க்கும்படி பூசையை நேரலையாகக் காட்டப் போவதாகவும் அறிவித்தார்கள். செல்வமேரி அந்த அறிவிப்புத் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஊரடங்கு நாட்கள் திரும்பி வருகின்றன என்று நினைத்தாள்.

கேமரா விஷயத்தைத் தினேஷிடம் விட்டிருந்தார்கள். பாணேரில் பெரிய ஐ.டி. கம்பெனியில் இருக்கிறவன். முப்பத்தெட்டு வயது, உழைப்பாளி, நல்ல மனசுக்காரன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமரா வாடகைக்கடை நடத்துகிற தேஜஸ் என்ற மராத்தி ஆளைக் கூட்டிவந்து, பூசை நடக்கும்போதே கேமராக்களை ஓட்டித் திரையில் போட்டுக் காட்டினான். கோவிலே சொக்கிப்போனது. பாடகர் குழு நின்ற மாடியிலிருந்து கோவில் முழுசாகத் தெரிந்தது. பிறகு மெழுகுவர்த்திச் சுடர். பிறகு கண்ணாடி ஜன்னல். பிறகு அம்மா தோளில் தூங்குகிற குழந்தை. கையில் தாங்கி நடந்தபடியே எடுக்கிற கேமரா ஒன்று பெஞ்சுகளுக்கு நடுவே தண்ணீர்போல் நழுவிப் போனது.

சாமியார் பிரசங்கம் வைத்த பதினைந்து நிமிடத்தில் அவர் முகம் நான்குமுறை வந்தது. நான்குமுறையும் கட்டைவிரல் அளவுக்கு. பின்னாலிருந்த ஜன்னல் வெளிச்சத்தில் முகம் கறுத்து, வாயிருந்த இடத்தில் ஒரு நிழல் அசைந்தது.

பூசை முடிந்து, எதை வாங்குவது என்று முடிவுசெய்யக் கோவில் குழு கூடியது. செல்வமேரி குழுவில் இல்லை. ஆனாலும் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆண்டனி அவள் முழங்கையைத் தொட்டு, அவள் பக்கம் திரும்பி, "அக்கா, விடுக்கா. அவங்க பாத்துக்கிடுவாங்க" என்றான்.

"என்னத்தப் பாத்தாங்க? எனக்கு ஒரு வார்த்த புரியல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தினேஷ் அவள் எதிரே வந்து நின்று, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து பேசினான். அப்படித் திறந்து பேசினால் உதடு கோணிப்போய் இன்னும் புரியாமல் போகும் என்பது அவனுக்குத் தெரியாது. "அக்கா, சப்டைட்டில் வரும். ஆட்டோமேட்டிக். தமிழ்லயே."

போனில் காட்டினான். அன்றைய பிரசங்கம் அதில் எழுத்தாக ஓடியது. 'இயேசு படகில் ஏறினார்' என்று சாமியார் சொன்ன இடத்தில் 'ஏசி படம் கேரளா' என்று வந்திருந்தது. செல்வமேரி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பங்குச்சாமி சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிரசங்கம் முடியிறவரைக்கும் ஒரு கேமரா சாமி மூஞ்சிய விட்டு நகரக் கூடாது. ஒரு திரையில மூஞ்சி மட்டும் பெருசா இருக்கணும். அதுக்கு ஏத்த கேமராவா வாங்குங்க. மத்த திரையில நீங்க என்னத்த வேணும்னாலும் காட்டுங்க."

தினேஷ் தலையைச் சொறிந்தான். "அக்கா, ப்ராப்ளம் புரியுது. பட் இது எல்லாருக்குமான சிஸ்டம். ஒருத்தருக்காக டிசைன் பண்ண முடியாதுல்ல?"

ஒருத்தருக்காக. அந்தச் சொல் அவளுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. அவள் மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். எதிரே குழுவின் செயலாளர் சேவியர் உட்கார்ந்திருந்தார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் உலோகத்தை அடித்து வடிக்கிற பிரஸ் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே நின்று ஓய்வு பெற்றவர். இருபத்தொரு வருடமாக அவரும் அவருடைய கூட்டாளிகளும்தான் அவளுக்குப் பின்னால் உட்கார்கிறார்கள். கேட்காமலே தலையாட்டுகிற மனிதனை இன்னொரு கேட்காத ஆளால் உடனே கண்டுகொள்ள முடியும். எல்லோரும் எழுந்தபின் ஒரு நொடி கழித்து எழுவார்கள். பக்கத்து ஆள் வாய் அசைவதைப் பார்த்துத் தாங்களும் வாயசைப்பார்கள். 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் 'சாப்பிட்டாச்சு' என்பார்கள். சேவியரின் கண் இப்போதும் தினேஷின் உதட்டில்தான் இருந்தது.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அவளைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். செல்வமேரிக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் அடுத்தவர் மறைத்து வைத்திருப்பதை எடுத்துப் போட அவளுக்கு நா எழவில்லை.

"ஒருத்தியா?" என்றாள் தினேஷிடம். "சரி, சோதிச்சுப் பாப்போம். சத்தத்த அணைச்சிருங்க. இருக்கிற கேமராவ எல்லாம் ஒண்ணொண்ணா போடுங்க. சாமி பேசட்டும். எதுல எனக்குப் புரியுதுன்னு நான் எழுதிக் காட்டுதேன். எதுலயும் புரியலன்னா உங்க இஷ்டப்படி வாங்கிக்கிடுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன்."

"ஓகே, சனிக்கிழமை ஈவ்னிங் வச்சுக்கலாமா?"

"சாயங்காலம் ஜன்னல்ல வெயில் ஏது? காலைல எட்டு மணி. பூச நேரத்துல என்ன வெளிச்சமோ அதே வெளிச்சம்."

பங்குச்சாமி மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "சனி காலை எட்டு. நான் வாரேன்" என்றார்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது ஆண்டனி அவளைத் தோளில் தொட்டு நிறுத்தி, முகத்துக்கு நேரே வந்தான். "புரியலன்னா என்ன செய்வ? எல்லாருக்கும் முன்னால அசிங்கமாப் போகும்க்கா."

"போகட்டும். இத்தன வருசம் புரியாமத்தான உக்காந்திருக்கேன், அது அசிங்கம் இல்லியா?" என்றாள்.

சனிக்கிழமை கடைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஏழரைக்கே போய்விட்டாள். தேஜஸ் முன்னதாகவே வந்து கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். தினேஷ் சொன்ன இரண்டு கேமராக்களோடு, அவனாகவே மூன்றாவது ஒன்றும் கொண்டுவந்திருந்தான். பழசு, ஓரமெல்லாம் தேய்ந்தது. மேடை நாடகங்களைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்க வைத்திருப்பதாம். தன் போனில் தமிழில் மாற்றி அவளிடம் காட்டினான்: 'இது அழகாக இருக்காது. ஆனால் தூரத்தை உண்மையாக இழுத்துக் கொண்டுவரும்.'

பங்குச்சாமி பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதி, மடித்துப் பையில் வைத்திருந்தார். வேதாகமத்தில் இருப்பது எதுவும் கூடாது, இருந்தால் ஊகித்துவிடுவாள் என்று தானாகவே யோசித்து, ஊர்க் கதையாக எழுதியிருந்தார். குழுவில் வந்திருந்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "நீங்களும் எழுதிப் பாருங்க. எவ்வளவு சிரமம்னு தெரியட்டும்." எல்லோரையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். தூண் மறைவில் நின்ற சாமியார் நேரில் யார் கண்ணுக்கும் படவில்லை. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, அவர் வெறும் வாயை மட்டும் அசைத்தார்.

முதலில் தினேஷின் செல்லக் கேமரா, பெஞ்சுகளுக்கு நடுவே நழுவிப் போனது. அதில் தூரத்தை இழுக்கிற லென்ஸ் இல்லை. மாடியிலிருந்து எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கியபோது சாமியாரின் முகம் ஈரத்தில் வைத்த அச்சுத்தாள்போல் ஊறிக்கிடந்தது. அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தவுடன் கேமரா அவரை விட்டுவிட்டு மெழுகுவர்த்தித் தண்டைத் துல்லியமாகக் காட்டியது. செல்வமேரி பேனாவை எடுக்கவே இல்லை.

இரண்டாவது, சுவரில் மாட்டி ரிமோட்டால் திருப்புகிறது. அது நெருக்கமாக இழுத்தது. ஆனால் ஜன்னல் வெளிச்சத்துக்கு அஞ்சி முகத்தை இருட்டாக்கியது. இருட்டைப் போக்க ஏதோ மாற்றினார்கள். முகம் வெளுத்தது, ஆனால் உதடு அசையும்போதெல்லாம் பூசினாற்போல் இழுபட்டது.

"தேயுது" என்றாள். "ஒரு எழுத்து முடியிறதுக்குள்ள அடுத்த எழுத்து அது மேல ஏறுது."

தேஜஸுக்கு அவள் தமிழ் புரியவில்லை. ஆனால் விரலால் தன் உதட்டுமேல் அவள் இழுத்துக் காட்டியது புரிந்தது. சட்டென்று நிமிர்ந்து தினேஷிடம் ஏதோ சொன்னான். தினேஷ் முகம் மாறியது. அதை அவளுக்குத் தமிழில் சொன்னான். வெளிச்சத்துக்காக ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருந்தார்களாம், அதனால்தான் அசைவு பூசிக்கொண்டது. பதினைந்து வருடத்தில் இதை ஒரு வாடிக்கையாளர் கண்டுபிடித்து தேஜஸ் பார்த்ததில்லையாம். சரிசெய்தபின் அவள் நான்கில் இரண்டு வாக்கியம் எழுதினாள்.

மூன்றாவதைப் போட்டதும் அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். நிறம் கொஞ்சம் மங்கல். அழகில்லை. ஆனால் முகம் திரை முழுக்க வந்து நின்றது. உதடு தாவவில்லை, ஓடியது. பல் தெரிந்தது, நாக்கு நுனி தெரிந்தது. பேனா நிற்காமல் போனது.

சாமியார் தாளைப் பிரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மூன்றாவது கேமராவில் நான்கில் மூன்று வாக்கியம் எழுத்துக்கு எழுத்து சரி. 'தங்கச்சி வீட்டு ஆடு மூன்று குட்டி போட்டது' முதற்கொண்டு. நான்காவது, 'அவனிடம் பணம் இல்லை, மனம் இருக்கிறது' என்பது. அவள் தலைகீழாக எழுதியிருந்தாள்.

"அது நீங்க வேணும்னே வச்சது சாமி" என்றாள்.

"ஆமா" என்று ஒத்துக்கொண்டார்.

"அதோட உங்க மீச. மேலுதட்ட மூடுது. நறுக்குங்க."

பங்குச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். குருப்பட்டம் வாங்கிய காலத்திலிருந்து வளர்த்தது. "கேமராவப் பத்தித்தான பேச்சு? இது எங்கேருந்து வந்துச்சு?"

"மறைச்சா எந்தக் கேமரா வாங்கி என்ன பிரயோசனம்?"

மற்ற தாள்களையும் வாங்கிப் பார்த்தார்கள். ஆறு தாள்கள் வெறுமையாக இருந்தன. ஒன்றில் 'ஆடு?' என்று மட்டும் இருந்தது. சேவியரின் தாளை எடுத்த சாமியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். மூன்றாவது கேமராவுக்கு நேரே இரண்டு வாக்கியம் முழுசாக எழுதியிருந்தது.

"அங்கிள், நீங்க எப்படி?" என்றான் தினேஷ்.

சேவியர் செல்வமேரிக்குத் தெரியும்படி அவள் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் சொன்னார். "பத்து வருசமா இப்படித்தான் எல்லா மீட்டிங்கிலயும் உக்காந்திருக்கேன். வலது காது சுத்தமா இல்ல. இடது காதுல இரைச்சல். வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லல. பிரஸ் ஷாப்புல நின்னவன் எவனுக்குக் காது இருக்கு, தம்பி? நம்ம பக்கத்து முதல் நாலு பெஞ்சும் அப்படித்தான்."

செல்வமேரி அவரைப் பார்த்துச் சொன்னாள்: "போன வாரமே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி."

"சொல்லியிருக்கணும் மேரி. வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் வெக்கம் இல்லியா?"

அதோடு அவள் அதை விட்டுவிட்டாள்.

மூன்றாவது மாதிரியில் புதிதாக ஒன்றும், சுவரில் மாட்டுகிறதில் ஒன்றும் வாங்குவதென்று முடிவாயிற்று. பெஞ்சுகளுக்கு நடுவே நழுவுகிற கேமரா கிடையாது. இடது திரை பிரசங்கம் முடியும்வரை முகத்துக்கு. வலது திரை தினேஷுக்கு. தினேஷுக்கு மனம் ஆறவில்லை. நேரலையில் பார்க்கிறவர்கள் ஒரே முகத்தைப் பார்த்துச் சலித்துப்போவார்கள் என்று இரண்டுமுறை சொன்னான். செல்வமேரி, "சலிச்சா வலது பக்கம் பாக்கட்டும்" என்றாள். முகத்துக் கேமராவை யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தபோது வேறு யாரையும் அவள் பேசவிடவில்லை. "நான்தான். படம் தெளிவா இருக்கான்னு எனக்குத்தான் தெரியும்."

தேஜஸ் இரண்டு ஞாயிறு வந்து, வெளிச்சத்துக்கு லென்ஸை எப்படித் திறப்பது, தானாகக் கூர்மையாக்குகிற பொத்தானை ஏன் அணைத்து வைக்க வேண்டும் என்று செய்து காட்டினான். மூன்றாவது ஞாயிறு பங்குச்சாமி மீசை நறுக்கி வந்தார். பத்து வயது குறைந்தும் கொஞ்சம் கோபமாகவும் தெரிந்தார்.

மாதா திருவிழாவுக்கு மும்பையிலிருந்து பேர்போன பிரசங்கியார் ஒருவர் வந்தார். ஆயரும் முன்வரிசையில் இருந்தார். கோவில் நிரம்பி வாசல்வரை கூட்டம். பிரசங்கியார் நிலையாக வைத்திருந்த மைக்கை விட்டு, கைமைக்கை எடுத்து உதட்டோடு ஒட்ட வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பெஞ்சுகளுக்கு நடுவிலுள்ள பாதையில் கேமராவுக்குப் பின்னால் நின்ற செல்வமேரி பார்த்தாள். இடது திரை முழுக்க ஒரு மைக்கும் இரண்டு கண்களும்.

கையை உயர்த்தினாள். அவர் கவனிக்கவில்லை. இரண்டு கையையும் உயர்த்தினாள். ஓரத்து மேஜையிலிருந்து தினேஷ் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினான். அவள் போன் அதிர்ந்தது. 'அக்கா ப்ளீஸ், பிஷப் இருக்காரு. பேசாம இருங்க.'

அவள் ஒற்றை விரலால் 'முடியாது' என்று அடித்து அனுப்பினாள். பிறகு தலையை நிமிர்த்தி, "சாமி! மைக்க இறக்குங்க! வாய் தெரியல!" என்றாள்.

கூட்டம் முழுதும் திரும்பியது. அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் தன்மேல் விழுவதை அவள் கண்டாள். முதல் வரிசையில் ஆயரும் திரும்பியிருந்தார். கேமராவின் கைப்பிடியை அவள் விடவில்லை. பிரசங்கியார் திகைத்துப் போய் நின்றார்.

ஆண்கள் பக்கத்தில் சேவியர் எழுந்து, பாதி அவள் பக்கமாகத் திரும்பி நின்றார். "எனக்கும் தெரியல சாமி" என்று அவர் உதடு சொன்னதைச் செல்வமேரி வாசித்தாள். அவருக்குப் பின்னால் ஒரு கிழவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் இன்னொருவர். நான்காவது பெஞ்சு வரைக்கும் ஒவ்வொருவராக ஏழு பேர் நின்றார்கள்.

பிரசங்கியார் கைமைக்கைக் கீழே வைத்துவிட்டு நிலையாக வைத்திருந்த மைக்குக்குப் பின்னால் போய் நின்றார். செல்வமேரி லென்ஸ் வளையத்தை ஒரு நூல் அளவு திருப்பினாள். திரையில் வாய் முழுசாக வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.